பேச்சி கேட்ட படம்

வேப்பங்குளம்,
30-5-1961

அன்புள்ள தம்பி சோலைச்சாமிக்கு அக்கா வீரலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கன நானும் ஒன் மச்சானும் ஒன் மருமக முத்துப்பேச்சியும் சௌகரியம். நீயும் சொர்ணமும் எப்படி இருக்கீக? போன கடுதாசியில இருமல்னு எழுதியிருந்தே. நின்னுருச்சா இல்லையான்னு ஒரு வரி எழுது.

நீ அனுப்பிவிட்ட லேபிள் கட்டு வந்து சேந்துச்சு. ஒங்க அச்சாபீஸ்ல கழிச்சுப் போட்ட தீப்பெட்டி லேபிளுன்னாலும் எம்புட்டுக் கலரு. பேச்சி அதை வரிசையா அடுக்குறா, கலைக்குறா, மறுபடி அடுக்குறா. அதோட இருக்கையில வீடு சத்தமில்லாம இருக்கு.

அவளுக்கு ஆறு வயசு முடிஞ்சும் ஒரு சொல்லு வரலைன்னு ஒனக்குத் தெரியும். பேச்சின்னு பேரு வச்சும் பேச்சில்லையேன்னு கேலி பேச ஊருல ஆளுக்குக் கொறச்சல் இல்லை. மதுரை டாக்டரும் காது நல்லாக் கேக்குதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவ யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டா. எதுவும் வேணும்னா என் கையப் பிடிச்சு இழுப்பா. எனக்குப் புரியலைன்னா தரையில விழுந்து கத்துவா. அது ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கும்.

இப்ப சேதி என்னன்னா, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில இருக்கேன். இவ வந்து என் உள்ளங்கையில எதையோ வச்சு அழுத்துனா. பாத்தா மாம்பழம் போட்ட லேபிளு. நான் சும்மா இருந்தேன். மறுபடி அழுத்துனா. சரின்னு வைக்கோல்ல பழுக்க வச்சிருந்த பழம் ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். வாங்கித் தின்னுட்டுப் போயிட்டா. இழுக்கலை, கத்தலை. சனிக்கிழமையும் அதே லேபிளு. ஞாயித்துக்கிழமை ஏழு தடவை. அன்னைக்கு வயித்தால போனது வேற கதை.

தம்பி, அவ கேட்டு வாங்குறா. ஒன் மச்சான்கிட்ட சொன்னேன். "மாம்பழம்னா யாருக்குத்தான் கை நீளாது"ன்னுட்டாக.

ஒனக்கு இன்னொண்ணும் சொல்லணும். மச்சானோட அக்கா இருளம்மா மதினி வந்திருந்தாக. சாயங்காலமானா பிள்ளை கத்துறது பேயோட வேலையாம். தை அறுப்பு முடிஞ்சதும் பேய் விரட்டுற எடத்துல நாப்பத்தெட்டு நாள் கொண்டு போயி விடணுமாம். தாயும் கூட இருக்கக் கூடாதாம். ஒன் மச்சான் தலைய ஆட்டிட்டாக.

நீ படம் போடுற ஆளு. பால், கூழ், தண்ணி, குளியல், பாய், வெளிய போறது, இந்த ஆறையும் கெட்டி அட்டையில போட்டு அனுப்பு. தைக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு.

சொர்ணத்தைக் கேட்டதாச் சொல்லு. ஒடம்பைப் பாத்துக்கோ.

ஒன் அக்கா,
வீரலட்சுமி


திருத்தங்கல்,
6-6-1961

பிரியமுள்ள அக்காவுக்குத் தம்பி சோலைச்சாமி எழுதிக்கொண்டது. இங்கன ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். இருமல் போயிருச்சு. சொர்ணம் வச்சுக் குடுத்த கசாயத்துக்குப் பயந்தே போயிருச்சு. மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. பேச்சிக்கு வயிறு சரியாயிருச்சா?

ஒன் கடுதாசியை ரெண்டு தடவை வாசிச்சேன். பெறகு சொர்ணத்துக்கு வாசிச்சுக் காட்டுனேன். மூணாவது தடவை அவளே வாங்கி வாசிச்சா.

பதினோரு வருசமா இந்த அச்சாபீஸ்ல புலி, மயில், ரெட்டைக் குதிரை, ஓடுற ரயிலுன்னு போட்டுக்கிட்டு இருக்கேன். கூழு போடச் சொல்லி இதுவரைக்கும் ஒரு கம்பெனியும் ஆர்டர் குடுத்ததில்லை. அதுனால ஆசை தீரப் போட்டுட்டேன். பால் செம்புக்கு மட்டும் நாலு கலரு. செம்பைச் சுத்திக் கொடியும் பூவும் ஓடுது பாரு. கூழ்க் கலயத்துக்கு மேல மாவிலைத் தோரணம். குளியலுக்குத் தாமரைக் கொளம். இப்படி நான் போட்ட லேபிள் கல்கத்தா வரைக்கும் போயிருக்கு, ஆனா இதுக்குத்தான் ரெண்டு ராத்திரி முழிச்சு உக்காந்தேன்.

தை விசயமா மச்சான்கிட்ட நான் வாயத் தெறக்க மாட்டேன். தெறந்தா என்னையும் சேத்து அங்கன விட்டுட்டு வந்திருவாரு. நீ அட்டையைக் காட்டு. பேச்சி பாத்துக்கிடுவா.

ஒன் தம்பி,
சோலைச்சாமி


வேப்பங்குளம்,
19-6-1961

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுறது. எல்லாரும் சொகமா இருக்கோம். மழைதான் ஒரு சொட்டு இல்லை. அங்கன எப்படி?

ஒன் படத்தைப் பாத்துத் தெருவே வாயப் பொளந்து நிக்குது. பக்கத்து வீட்டுக்காரி பால் செம்புப் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டணும்னு கேட்டு ரெண்டு தடவை வந்துட்டா. பேச்சி மட்டும் திரும்பிப் பாக்கலை.

எனக்கு அழுகையா வந்துச்சு. மூணு நாள் கழிச்சு, பால் ஊத்துற நேரத்துல அந்த அட்டையை அவ கையில திணிச்சேன். அவ அதைக் கொண்டு போயி அலமாரியில நம்ம செம்புக்குப் பக்கத்துல வச்சா. அதைப் பாத்தா, இதைப் பாத்தா. அட்டையைக் கீழ போட்டுட்டு வந்துட்டா. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. நம்ம செம்புல பூவு இல்லையேடா. பள்ளம்ல இருக்கு. அவளுக்குப் பால்னா அந்தப் பள்ளம் விழுந்த செம்புல இருக்குறது ஒண்ணுதான்.

அந்தப் பள்ளம் ஒனக்கும் தெரியும். போன பொங்கலுக்கு வந்து நீ கீழ போட்டதுதான் அது. வாய்க்குக் கீழ, எடப்பக்கம். கூழ்க் கலயம் கருப்பு, வாயோரத்துல ஒரு சில்லு போயிருக்கும். குளிக்கிறது பின்னால சிமிட்டித் தொட்டியில, தாமரையெல்லாம் இங்கன ஏது? பாய் செவப்புக் கரை. உள்ளது உள்ளபடி போடு. அழகா இருக்கணும்னு பாக்காதே.

இன்னொரு படமும் வேணும். "வேண்டாம்"னு சொல்றதுக்கு. கேக்குறதுக்கு மட்டும் அட்டை இருந்தா எப்படி? பிடிக்கலைன்னா அவளுக்குக் கத்துறதைத் தவுத்து வேற வழி இல்லை. அதை எப்படிப் போடுவேன்னு எனக்குத் தெரியலை. நீ யோசி.

இப்படிக்கு,
அக்கா


திருத்தங்கல்,
3-7-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கன எல்லாரும் நலமா இருப்பீகன்னு நம்புறேன். இந்தக் கட்டுல பத்து அட்டை இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு ஒன் வீட்டுக்குள்ள நடந்து நடந்து போட்டேன். செம்புல பள்ளம் போடையில கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு. மொதலாளி பாத்துட்டு, "என்ன சோலைச்சாமி, புலியெல்லாம் விட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டே"ன்னாரு. வெவரம் சொன்னேன். கெட்டி அட்டை எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோன்னு சொல்லிட்டாரு.

"வேண்டாம்" என்னைய ஒரு வாரம் பாடாப் படுத்திருச்சு. மெஷின்ல நிக்கிற உக்கிரபாண்டியண்ணன்கிட்ட கேட்டேன். "கையை விரிச்சுக் காட்டுற மாதிரி போடு"ன்னாரு. போட்டேன். ஆசீர்வாதம் பண்ற மாதிரி வந்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிற ஒரு பொம்பளையப் போட்டேன். சொர்ணம் பாத்துட்டு, "இது நானா"ன்னு கேட்டா. அன்னைக்கு ராத்திரிச் சோறு தாமசமாத்தான் கெடச்சுது. கவுத்து வச்ச தம்ளர் ஒண்ணு போட்டேன். அதுக்கு அர்த்தம் வேண்டாங்கிறதா, கழுவி வச்சிருக்குங்கிறதா?

கடைசியில வெறும் அட்டையை எடுத்து மெஷின்ல மிச்சமிருந்த செவப்பு மையை முழுசாப் பூசிட்டேன். படமே இல்லை. நாலையும் அனுப்புறேன். எது வேணும்னு அவளே சொல்லட்டும்.

தம்பி,
சோலைச்சாமி


வேப்பங்குளம்,
23-7-1961

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா? சொர்ணம் நல்லா இருக்காளா? நாங்க இங்கன ரொம்ப நல்லா இருக்கோம். ரொம்பன்னு சும்மா எழுதலை. கேளு.

பள்ளச் செம்பு அட்டை வந்த மறுநாளே என் கைக்கு வந்துருச்சு. கூழு, தொட்டி, பாயி எல்லாம் பத்து நாளைக்குள்ள. அட்டையில ஓட்டை போட்டுக் கயித்துல கோத்து, அவ கைக்கு எட்டுற ஆணியில மாட்டியிருக்கேன். வேணுங்கிறதைக் கழட்டிட்டு வந்து குடுக்குறா.

"வேண்டாம்"ங்கிறதை விளக்கெண்ணெய் வச்சுப் பழக்குனேன். அவளுக்கு அது ஆகவே ஆகாது. ஒரு கரண்டி ஊத்தி எடுத்துக்கிட்டுப் போவேன், அவ மூஞ்சியச் சுளிக்கையில நாலு அட்டையையும் நீட்டுவேன். அவ கை செவப்பைத் தொட்டுச்சு. ஒடனே கரண்டியக் கொண்டு போயிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அஞ்சாவது நாள் கரண்டியத் தூரத்துல பாத்ததுமே செவப்பு அட்டையோட எதுக்க வந்து நின்னா.

அதுக்குப் பெறகு ரெண்டு நாள் எல்லாத்துக்கும் செவப்புதான். தலை சீவ வேண்டாம், குளிக்க வேண்டாம், கத்திரிக்காய் வேண்டாம். ஆட்டுக்குட்டிக்கு ஒண்ணு. ஒன் மச்சான் கிட்டப் போயி உக்காந்தாக, அவுகளுக்கும் ஒண்ணு. "இதுக்கா மெனக்கெட்டு மை பூசி அனுப்புனான் ஒன் தம்பி"ன்னு கேட்டாக.

ஆனா தம்பி, போன வாரம் நடந்ததை நீ கேக்கணும். சாயங்காலம் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டேன். வழக்கம் போலக் கத்தத் தொடங்குனா. கத்திக்கிட்டே ஓடிப்போயி செவப்பு அட்டையை எடுத்துட்டு வந்தா. என் கையில குடுக்கலை. தன் கழுத்துல, சட்டை மேல வச்சு அழுத்துனா. சட்டையைக் கழட்டுனேன். சத்தம் நின்னு போச்சு. உள்ள கைய விட்டுப் பாத்தா, கழுத்தைச் சுத்தித் தச்ச லேசு, முள்ளு மாதிரி அறுக்குது. எல்லாச் சட்டையும் ஒரே டெய்லர் தச்சது, எல்லாத்துலயும் அதே லேசு. பேய் வார நேரம்னு மதினி சொன்னது, நான் அவளுக்குச் சட்டை மாத்துற நேரம். ரெண்டு வருசமா அந்தப் பிள்ளை அதைத்தான் சொல்லியிருக்கு.

பிளேடை எடுத்து ஏழு சட்டையிலயும் லேசை அறுத்துப் போட்டேன். பத்து நாளாச்சு, சாயங்காலக் கத்தல் இல்லை. ஒன் மச்சான் அந்த லேசை எடுத்துத் தன் கழுத்துல வச்சுத் தேச்சுத் தேச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாக.

செம்பு அட்டை தண்ணித் தொட்டியில விழுந்து ஊறிப் போச்சு. இன்னொண்ணு போட்டு அனுப்பு. கலயத்துக்கும் ஒண்ணு. அவசரமில்லை, முடியுறப்ப அனுப்பு.

அக்கா,
வீரலட்சுமி


வேப்பங்குளம்,
20-8-1961

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமான்னு கேட்டு எழுதுறேன். போன கடுதாசி போட்டு நாலு வாரமாச்சு, ஒங்கிட்டயிருந்து ஒரு வரி இல்லை. தீவாளி சீசன் வேலைன்னு நெனைச்சுக்கிட்டேன். ஆனாலும் இந்தச் சேதியச் சொல்லாம இருக்க முடியலை.

போன செவ்வாய்க்கிழமை இருளம்மா மதினி ஒரு பூசாரியக் கூட்டிட்டு வந்துட்டாக. தை வரைக்கும் பொறுக்க வேண்டாம், மொதல்ல இவரு ஒரு தடவை பாக்கட்டும்னாக. அவரு பாவம், வயசானவரு. வேப்பங்குழையும் திருநீறும் எடுத்து வச்சு உக்காந்தாரு. பேச்சி தூணுக்குப் பின்னால நின்னு பாத்தா. வேப்பங்குழையை ஒரு தடவை ஓங்குனாரு. அவ விறுவிறுன்னு ஆணிக்குப் போயி, செவப்பு அட்டையைக் கழட்டிக் கொண்டாந்து, பூசாரி உள்ளங்கையில வச்சு, அவரு விரலை மடக்கி விட்டா.

"இது என்ன தாயி?"ன்னு என்னையக் கேட்டாரு.  ஒன் மச்சான்தான் சொன்னாக.

"வேண்டாம்னு சொல்லுதா சாமி."

"ஏலே, செவப்பு அட்டை என்னத்தலே சொல்லும்?"னு மதினி கேட்டாக.

"அட்டை சொல்லலைக்கா. எம்மக சொல்லுதா. எங்கயும் கொண்டு போயி விடலை. தைக்கும் இல்லை, மாசிக்கும் இல்லை."

பூசாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுப் பேச்சி கையிலயே குடுத்தாரு. ஒரு செம்பு மோர் குடிச்சுட்டுப் போயிட்டாரு. மதினி சாப்பிடாமக் கெளம்பிட்டாக. கோவம் ஒரு மாசம் இருக்கும்னு நெனைச்சேன். நாலாம் நாள் பேச்சிக்குன்னு பொரிகடலை குடுத்து விட்டிருக்காக.

தம்பி, இம்புட்டுக்கும் நீதான் காரணம். பதில் எழுது.

ஒன் அக்கா


திருத்தங்கல்,
9-9-1961

மதிப்புக்குரிய மதினிக்கு சொர்ணலட்சுமி எழுதுவது. இங்கன நாங்க நல்லா இருக்கோம். நீங்க, அண்ணன், பேச்சி எல்லாரும் எப்படி இருக்கீக?

ஒங்க ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. பூசாரி சேதியக் கேட்டு அவுக ரொம்பச் சிரிச்சாக. தீவாளி சீசன் பாருங்க, ராவும் பகலும் வேலை. எழுத நேரமில்லை. அதுனால என்னைய எழுதச் சொன்னாக. நீங்க கேட்ட செம்பு, கலயம் ரெண்டும் இதுக்குள்ள இருக்கு. கூடவே ஊஞ்சலும் பூனையும் வச்சிருக்கு.

வேற விசேசம் ஒண்ணுமில்லை. பேச்சிக்கு என் முத்தம்.

சொர்ணம்


வேப்பங்குளம்,
17-9-1961

அன்புள்ள சொர்ணத்துக்கு,

சொகமா இருக்கியாம்மா? நாங்க சொகம்.

நீ அனுப்புன நாலு அட்டையையும் கயித்துல கோத்தேன். பேச்சி நாலையும் கழட்டிக் கொண்டு போயி மாட்டுத் தொட்டிக்கு அடியில வச்சுட்டா. நான் எடுத்துட்டு வந்து மாட்டுனேன். மறுபடி தொட்டிக்கு அடியில. என்னடா இதுன்னு நானே உக்காந்து பாத்தேன். செம்புல பள்ளம் வலப்பக்கம் இருக்கு. கலயத்துல சில்லு இல்லை. கோடெல்லாம் சுத்தமா, அழகாத்தான் இருக்கு. ஆனா என் தம்பி பள்ளத்தை எடம் மாத்திப் போட மாட்டான். அதைப் போட்டவுகளுக்கு எங்க வீடு தெரியாது.

சொர்ணம், எனக்கு ஒரு கேள்விதான். ராவும் பகலும் வேலை செய்யுறவனுக்கு ரெண்டு வரி எழுத நேரமில்லைன்னா நம்புவேன். நாலு அட்டையை வேற ஆளு கையில போடச் சொல்லியிருக்கான்னா, அவன் கைக்கு என்ன ஆச்சு?

ஒளிக்காம எழுது. நான் பயப்பட மாட்டேன்.

மதினி,
வீரலட்சுமி


திருத்தங்கல்,
29-9-1961

அன்புள்ள அக்காவுக்கு,

இது எடக்கை. கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் மெஷின்ல ஒத்தாசைக்கு நிக்கையில உருளையில தாள் சிக்குச்சு. நிப்பாட்டாமக் கைய விட்டுட்டேன். யாரு மேலயும் குத்தமில்லை, என் அவசரந்தான். வலக்கையில ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயிருச்சு. உக்கிரபாண்டியண்ணன் பாஞ்சு நிப்பாட்டலைன்னா மணிக்கட்டோட போயிருக்கும். மதுரை ஆஸ்பத்திரியில இருபது நாள் கெடந்தேன். ஒங்க ஊருக்கு அம்புட்டுப் பக்கத்துல. சொல்லி அனுப்ப மனசு வரலை. பேச்சி சட்டை சேதி வந்த நேரம் அது. நீ சிரிச்சு எழுதுனதுக்குப் பதிலா இதை எப்படி எழுத?

புண்ணு ஆறிருச்சு. வலி இல்லை. லேபிள் கட்டுற வேலை குடுத்திருக்காக. அட்டையப் போட்டது தனுஷ்கோடி, இங்கன என் எடத்துல இப்ப அவருதான் படம் போடுறாரு. நல்ல மனுசன். பள்ளம் எந்தப் பக்கம்னு சொல்லிட்டேன். இனிமே அவரே போட்டுத் தருவாரு. என்னால ஆகாதுக்கா.

இதை எழுத ஒரு மத்தியானம் ஆச்சு.

சோலைச்சாமி


வேப்பங்குளம்,
5-10-1961

தம்பிக்கு,

நலம். வார வியாழக்கிழமை நானும் பேச்சியும் அங்கன வாரோம். மச்சானுக்கு வெதப்பு நேரம், அதுனால வர முடியலை. பேச்சி பஸ்ஸுல ஏறுனதே இல்லையேன்னு நீ கேப்பே. ஒன் மச்சான் நாலு நாளா அவளைக் காரியாபட்டிக்குத் தூக்கிட்டுப் போயி, நிக்கிற பஸ்ஸைத் தொட்டுப் பாக்க வச்சாக. நேத்து உள்ள ஏறி உக்காந்துட்டு எறங்க மாட்டேன்னுட்டாளாம். பஸ் அட்டையை நானே போட்டேன். வைக்கோல் படப்பு மாதிரி இருக்கு. அவ ஒத்துக்கிட்டா.

சொர்ணத்தைச் சிரமப்பட வேண்டாம்னு சொல்லு. ஒரு கூழு போதும்.

அக்கா


திருத்தங்கல்,
15-10-1961

பேச்சியோட அய்யாவுக்கு வீரலட்சுமி எழுதிக்கொண்டது. நாங்க ரெண்டு பேரும் சொகம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுதீகளா? பருத்தி வெதப்பு முடிஞ்சதா? வெள்ளை மாட்டுக்குக் கால் வீக்கம் எப்படி இருக்கு?

உக்கிரபாண்டியண்ணன் இன்னைக்கு மத்தியானம் லோடு லாரியில காரியாபட்டி வாராரு. அவரு கையில இதைக் குடுத்து விடுதேன். நாளைக்கு நாங்களே வந்திருவோம். இருந்தாலும் எழுதுதேன். நேர்ல சொன்னா நீங்க பாதியில எந்திரிச்சு மாட்டைப் பாக்கப் போயிருவீக.

அருப்புக்கோட்டை வரைக்கும் பேச்சி ஜன்னலை விட்டு நகரலை. அடுத்த பஸ்ஸுல கண்டக்டர் அவ காதுக்குப் பக்கத்துல விசில் ஊதிட்டாரு. நான் பயந்தே போயிட்டேன். அவ காதைப் பொத்துனா, என் மடியிலயிருந்து கயித்தை இழுத்தா, செவப்பு அட்டையை உருவி அவரு கையில குடுத்துட்டா. "என்னம்மா, பாஸா?"ன்னு கேட்டாரு. சொன்னேன். அவரு விசிலைச் சட்டைப் பையில போட்டுட்டாரு. விருதுநகர் வரைக்கும் பஸ் தகரத்தைத் தட்டித் தட்டித்தான் வண்டிய விட்டாரு.

சோலைச்சாமி கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு நின்னான். நான் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். பயப்பட மாட்டேன்னு எழுதுனவ, பாத்ததும் அழுதுட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே இருந்தான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கலை. பென்சிலைத் தொடவே மாட்டேங்கிறான். வந்த மறுநாள் தனுஷ்கோடி வீட்டுக்கு வந்து, பள்ளத்தை மாத்திப் போட்டது தப்புன்னு பேச்சி முன்னால உக்காந்து வேற அட்டை போட்டுக் குடுத்தாரு. கோடு ஒவ்வொண்ணா வாரதை அவ முழுசாப் பாத்தா. சோலைச்சாமி எந்திரிச்சு வெளிய போயிட்டான்.

இன்னைக்குக் காலையில அவ கயித்தை விரிச்சு வச்சுக்கிட்டு எதையோ தேடுனா. இருபத்து மூணு அட்டையும் பாத்தா. மறுபடி மொதல்ல இருந்து பாத்தா. நான் பாலைக் காட்டுனேன், பாயைக் காட்டுனேன். செவப்பு. பஸ்ஸைக் காட்டுனேன். அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டா. ஆனா தேடுறதை நிப்பாட்டலை. அவ மூச்சு வாங்குறதைப் பாத்தா இந்தா கத்தப் போறான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

கத்தலை. எந்திரிச்சுப் போயி, தனுஷ்கோடி விட்டுட்டுப் போன பென்சிலையும் ஒரு வெறும் அட்டையையும் எடுத்தா. அவ மாமன் பக்கத்துல போயி உக்காந்து, அவன் எடக்கைக்குள்ள பென்சிலைச் செருகுனா.

"என்னால ஆகாது தாயி"ன்னான்.

அவ அவன் விரலை மடக்கி விட்டா. பூசாரிக்கு மடக்கி விட்டாளே, அதே மாதிரி. அவன் என்னையப் பாத்தான். நான் பாக்காத மாதிரி அரிசியில கல்லுப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன். அவன் ஒரு ஆட்டுக்குட்டியப் போட்டான். கோடு ஆடிக்கிட்டே போகுது, குட்டிக்குக் குளிர் ஜொரம் வந்த மாதிரி இருந்துச்சு. செவப்பு. தண்ணித் தொட்டி. செவப்பு. மாம்பழம் போட்டான். அதுக்கும் செவப்பு. அஞ்சு ஆறு அட்டை ஆயிருச்சு. அவனுக்கு வேர்த்து வழியுது. எந்திரிக்கப் பாத்தான், அவ வேட்டியப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா.

அப்பத்தான் சொர்ணம், "மதினி, அவ வந்து மூணு நாளாச்சுல்ல, வீட்டுக்குப் போகணுங்குதாளோ?"ன்னா.

எனக்குக் கையில இருந்த சொளகு நின்னு போச்சு. வீட்டுக்கு நாம அட்டையே போடலைங்க. அவ வீட்டை விட்டு எங்கன போனா, வீட்டைக் கேக்குறதுக்கு?

"நம்ம வீட்டைப் போடு தம்பி"ன்னேன். ஓடு, வேம்பு, நீலக் கதவு எல்லாம் போட்டான். கதவு சாஞ்சு கெடந்துச்சு. பேச்சி வாங்கிப் பாத்தா. இந்தத் தடவை செவப்பைத் தொடலை. படத்தைத் திருப்பி அவன் முன்னால வச்சு, பென்சிலை அழுத்துனா. மாட்டைப் போட்டான். திருப்பி வச்சா. ஆணியும் கயிறும் போட்டான். திருப்பி வச்சா.

"அக்கா, ஒங்க வாசல்ல இன்னும் என்னதான் இருக்கு?"ன்னு கேட்டான்.

நான் யோசிச்சேன். "பழைய உரல் கெடக்கும். அதுமேல அவ அய்யா உக்காந்திருப்பாக"ன்னேன்.

உரலைப் போட்டான். அதுக்கு மேல ஒங்களைப் போட்டான். தலையில துண்டு கட்டி. மூக்கு ஒங்க மூக்கு இல்லை, ஆனா கூனிக்கிட்டு உக்காருறது நீங்களேதான். ஒரு கால் போட்டு முடிச்சான். இன்னொரு காலைத் தொடங்குறதுக்குள்ள அவ அட்டையைப் பிடுங்கிட்டா.

மடியில இருந்த பஸ்ஸை எடுத்தா. ஒங்க அட்டைய அதுக்குப் பக்கத்துல வச்சா. ரெண்டையும் சேத்து என் கையில குடுத்தா. இதுவரைக்கும் அவ ஒரு அட்டைக்கு மேல குடுத்ததே இல்லை. பெறகு போயி எங்க டிரங்குப் பெட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டா. இப்பவும் அங்கனதான் உக்காந்திருக்கா. நாளைக்குன்னு சொன்னா அவளுக்கு எப்படிப் புரியும்? அதுக்கு ஒரு அட்டை போடணும்.

அதைப் போடுறது யாருன்னு நான் கேக்கவே இல்லை. சோலைச்சாமி பென்சிலைச் சீவி வச்சுட்டு, எடக்கையால ஒங்க ரெண்டாவது காலைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான். சொர்ணம் கூப்பிட்டும் சாப்பிட வரலை. மூணு நாளா இருந்த அந்தச் சிரிப்பு மூஞ்சியில இல்லை. எரிச்சலா இருக்கான். எனக்குச் சந்தோசமா இருக்கு.

நாளைக்கு ரெண்டு மணி பஸ்ஸுக்கு நாங்க வந்து எறங்கிருவோம். எதுக்க வர வேண்டாம். எந்தச் சோலி இருந்தாலும் போட்டுட்டு வந்து வாசல்ல, உரல் மேல உக்காந்திருங்க. துண்டைத் தலையில கட்டிக்கோங்க.

இப்படிக்கு,
வீரலட்சுமி